இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம்

மாடியில் சிணுங்கிய குழந்தை, அவள் எழுந்திருப்பதற்குள் தானாக அடங்கிவிட்டது. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை வளர்த்த ஆயா அவள். தட்டிக்கொடுக்காமல் மறுபடி தூங்கிய பிள்ளையைக் கண்டதே இல்லை. இருந்தாலும் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தொலைக்காட்சியில், தனி வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றிய பேய்ப்படம். சின்ன வயதில் அவள் தூக்கத்தைக் கெடுத்த படத்தைத் திரும்ப எடுத்திருந்தார்கள். பழையதில் ஒரு கதவு மெல்லத் திறக்கும், அவ்வளவுதான். இதில் குடம் குடமாக ரத்தம். பயம் மட்டும் மருந்துக்கும் இல்லை. போதாததற்கு, கதாநாயகி பிள்ளையை மாடியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள்.

“அடிப்பாவி! உன்னை நம்பி எவ பிள்ளையை விட்டா?”

கைபேசி அடித்தது. அலுவலகத்திலிருந்து குழந்தையின் அம்மா.

“அக்கா, பாப்பா முழிச்சிட்டாளா? தொட்டில் பக்கத்துல வச்ச மைக் சத்தம் என் போன்ல கேக்குது. நீங்க தட்டிக்கொடுக்கிறீங்க போல.”

“எப்படிம்மா கேக்குது?”

“ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம். உங்க கைதான்னு கண்ணை மூடிட்டுச் சொல்வேனே.”

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நீ உடனே கிளம்பி வா,” என்று சொல்லி வைத்துவிட்டு, தொலைக்காட்சியை அணைத்தாள். மின்விசிறியின் முனகலுக்கும் எங்கோ சொட்டும் குழாய்க்கும் நடுவே, மாடியிலிருந்து அந்தச் சத்தம் துணி மேல் விழுவதுபோல மெத்தென்று வந்தது. தொப். தொப். பிறகு ஒன்றுமில்லை. தொப். தொப்.

கால்கள் முதலில் வாசலைப் பார்த்துத்தான் திரும்பின. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. என்னை நம்பி விட்ட பிள்ளை. படியேறினாள்.

அறையில் அந்தி வெளிச்சம். பவுடர் வாசனை. அதற்கடியில் ஈரமண் வாடை. குழந்தை குப்புறப் படுத்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. முதுகின் மேலிருந்த போர்வை மட்டும் அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது. நின்றது.

“கையை எடு.”

குரல் நடுங்கியது. நடுங்காமல் இன்னொரு முறை சொன்னாள்.

“எடுன்னு சொன்னேன்!”

போர்வை அசையவில்லை. குழந்தையை வாரித் தோளில் போட்டாள். சூடாக இருந்தாள். மூச்சு வந்தது. போதும். படிக்கு வந்தாள்.

அப்போது அவள் முதுகில் விழுந்தது. மெல்ல. இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம்.

கண் சொக்கியது. உதட்டை ரத்தம் வரக் கடித்தாள். குழந்தையை இறுக்கிப் பிடித்தாள்.

“நான் தூங்க மாட்டேன்.”

ஒரு படி இறங்கினாள். முதுகிலிருந்த கையும் இறங்கியது.