நினைவு மில்லி

புதுப்பீளமேட்டில் ஒரு நாற்காலி செய்வதென்றால் ஏழு இறந்தவர்களின் சம்மதம் வேண்டும்.

வேறு எதற்கும் அந்த ஊரில் இவ்வளவு கெடுபிடி கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளலாம், சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போகலாம், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு கரண்டிக் காம்பைக் கடைய நினைத்தாலும் வரைபடத்தோடு பரிசீலனைக் கூடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே ஏழு மேசைகள். முதல் மேசைக்காரர் வரைபடத்தை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்பார். இறந்தவர் ஒருவரின் பெயரைச் சொல்வார். பிறகு உட்கார்ந்து, தடிமன் என்று போட்டிருக்கும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்டுவார். அடுத்த மேசையில் அடுத்த பெயர், அடுத்த மில்லிமீட்டர். இதற்கு நினைவு மில்லி என்று பெயர்.

செவ்வாயின் தரைக்கு அறுபது மீட்டர் கீழே, எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய பழைய குழாய் ஒன்றுக்குள் இருந்தது அந்த ஊர். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருநூறு குடும்பமாகப் போய்க் குடியேறிய இடம். பூமியிலிருந்து சாமான் வர மூன்று வருடம் ஆகும் என்பதால், தேவையானதை அவரவரே செய்துகொள்வது வழக்கம். வீட்டுக்கு ஒரு லேத் இருந்தது. பகலெல்லாம் தக்காளிப் பாத்தியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்ப்பவர்கள், ஓய்வு நாளில் பல்சக்கரமும் கீலும் கடைந்து தள்ளினார்கள். ஏழு மில்லி கூடிப்போன அவர்களுடைய கரண்டிகள் துடுப்பு மாதிரி இருந்தன. அதை நினைத்து ஊரில் யாரும் சிரித்ததில்லை. அந்த ஏழு மில்லிக்குப் பின்னால் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் நான்காம் கூடத்தில் ஒரு காதுகுத்து நடந்தது. அன்று மின்கலம் ஒன்று தீப்பிடித்துப் புகைந்தது. தீ என்றால் பெரிய வாசல்கள் தாமாக இறுகிக்கொள்ளும். பக்கத்துச் சுரங்கவழிக்குப் போக ஓர் அவசரக் கதவு மட்டும் மனிதர்கள் திறக்கும்படி இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்திலும் கரி, சுரங்கவழியிலும் கரி. கதவு விரியத் திறந்து கிடந்தது. அதைப் பூட்டியிருந்த அலுமினிய ஊசி இரண்டு துண்டாகக் கிடந்தது. தீ சுரங்கவழியில்தான் பிடித்திருக்க வேண்டும், மெலிந்த ஊசி தானாக முறிந்து கதவு திறந்துகொண்டது, புகை உள்ளே போய் எல்லோரையும் கொன்றது என்று ஊர் முடிவு கட்டியது.

கதவைச் செய்தவர் சென்னியப்பன். அன்றைக்கு அவரும் உள்ளேதான் இருந்தார். வரைபடத்தில் அவர் ஊசிக்குப் போட்டிருந்த அளவு மூன்று மில்லி. அந்த மூன்றைச் சொல்லிச் சொல்லித்தான் நினைவு மில்லி பிறந்தது. கதவையும், உடைந்த ஊசியையும் கண்ணாடிக்குள் வைத்து ஊர் கும்பிட்டது.

சென்னியப்பனின் மனைவி கோதைநாயகி. அன்றைக்கு அவள் நிறைமாதம் என்பதால் காதுகுத்துக்குப் போகவில்லை. பிறந்த பெண் யாழிசைக்கு இப்போது பதினொரு வயது. ஊர் கோதையைக் குறை சொன்னதே இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் வந்தால் பேச்சு சற்றே நின்று, பிறகு வேறு விஷயத்தில் தொடங்கும். பதினோரு வருடமாக அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் எல்லா வீட்டுக்கும் அவசரக் கதவு கட்டாயம் என்று உத்தரவு வந்தது. அவரவர் வீட்டுக்கு அவரவரே செய்துகொள்ள வேண்டும். கோதை பகலில் தக்காளிப் பாத்தி வேலைக்குப் போய்விடுவாள். பள்ளி விட்டு வந்தால் யாழிசை வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். அதனால் கதவு அந்தப் பெண்ணின் எடைக்குத் திறந்தாக வேண்டும்.

அந்தக் கதவின் அமைப்பு எளிமையானது. அடியில் ஒரு ஆள் மட்டும் நிற்கிற அகலத்தில் ஒரு மிதிக்கட்டை. ஏறி நின்றால் எடை ஊசிக்குப் போகும், ஊசி முறியும், கதவு விழுந்து வழி திறக்கும். தெரியாமல் கால் இடறித் திறந்துவிடாதபடி மிதிக்கட்டைக்கு ஒரு மெத்தை உண்டு. எட்டி உதைத்தாலும் குதித்தாலும் பயனில்லை, நிற்கிறவரின் எடைதான் கணக்கு. அந்த ஊசிக்கு முறிவூசி என்று பெயர். வீட்டு ஃபியூஸ் உருகத்தானே இருக்கிறது, அந்த மாதிரி முறிவதுதான் இதன் வேலை.

கோதை மூன்று மில்லி என்று வரைந்து எடுத்துப் போனாள். ஏழு மேசையும் தாண்டி வெளியே வந்தபோது அது பத்து மில்லியாகியிருந்தது. திரும்ப முதல் மேசைக்கே போய் நின்றாள். அங்கே இருந்தவர் நாச்சிமுத்து. நான்காம் கூடத்தில் மனைவியையும் ஆறு வயது மகள் பொன்மணியையும் பறிகொடுத்தவர். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர்.

"இது முறியறதுக்குன்னே வைக்கற ஊசிங்கண்ணா. பாப்பா ஏறி நின்னா முறியோணும்."

"முறியோணும்னு கேட்டு வந்து நிக்கறீங்க. நான் எப்படிங்க அம்மிணி அதுக்குக் கையெழுத்துப் போடறது?" அவர் பேனா மூடியைத் திருகினார். "உங்க வீட்டுக்காரரும் மூணுதானுங்க போட்டாரு."

கோதை வரைபடத்தை எடுத்துக்கொண்டாள். அவளால் வாதாட முடியாததற்குக் காரணம் இருந்தது. நான்காம் கூடத்துக் கதவில் இருந்த ஊசி மூன்று மில்லி அல்ல, ஐந்து. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சென்னியப்பனுக்கு வேலை நெருக்கிய நாளில் ஊசியை லேத்தில் கடைந்தவள் அவள். மூன்று மில்லி ஊசி முறிய எவ்வளவு பாரம் வேண்டும் என்று பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூமியில் ஒரு நாலு வயதுக் குழந்தையின் கனம்கூட இல்லை. நாளைக்கு அவரே அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறவர், கூடக் கொஞ்சம் இருந்தால் நல்லதுதானே என்று இரண்டு மில்லி கூட்டிக் கடைந்து கொடுத்தாள். நான் கூட்டிய இரண்டு போதவில்லையே, இன்னும் இரண்டு கூட்டியிருந்தால் இருந்திருப்பாரே என்பதுதான் பதினோரு வருடமாக அவளை அரித்த நினைப்பு. நினைவு மில்லி சட்டத்துக்கு முதலில் கை தூக்கியவளும் அவள்தான்.

மனுப் போட்டும் பயனில்லை. அந்தச் சட்டம் வந்த பிறகு ஊர் லேத்துகள் முத்திரையிட்ட அளவைத்தான் கடையும். வேறு அளவு ஊசியைச் செருகினால் தண்டனையாக வீட்டுக்கு வரும் காற்றை நிறுத்திவிடுவார்கள். வேறு வழியில்லாமல் பத்து மில்லியைச் செருகிவிட்டு, யாழிசையை ஏறி நிற்கச் சொன்னாள். அவள் நின்றாள், பிறகு குதித்தாள். மிதிக்கட்டை தொம் தொம்மென்று சத்தம் போட்டது. கதவு அசையவில்லை.

"நவுரவே மாட்டேங்குதும்மா," என்று விட்டுவிட்டுப் போய் அவள் பாடத்தைப் படிக்க உட்கார்ந்தாள்.

சத்தம் நின்ற பிறகும் கோதையின் காதில் அது ஓயவில்லை. தக்காளிக் கணக்கு எழுதும் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தாள். பத்து மில்லிக்கு நானூறு கிலோ ஆள் வேண்டும். சரி, ஐந்து மில்லிக்கு? பூமியில் என்றால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போதும். செவ்வாயில் எல்லோருடைய கனமும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூட. நூறு கிலோ ஆள் ஏறி நின்றால்தான் ஐந்து மில்லி முறியும். அளந்து சோறு போடும் ஊரில் நூறு கிலோ ஆள் யார்? அப்படியானால் அன்றைக்கு அந்த ஊசி எப்படித் தானாக முறிந்தது? 

நினைவிடத்துக் கண்ணாடியைத் துடைப்பது இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முறை. தன் முறை வந்ததும் கோதை துணியோடு ஒரு படிப்பானையும் எடுத்துப் போனாள். எல்லா அவசரக் கதவிலும் கதவுநினைவு என்று ஒரு சில்லு உண்டு. மிதிக்கட்டையில் யார் ஏறினாலும் அவர்களுடைய எடையை அது குறித்துக்கொள்ளும். பதினோரு வருடமாக ஒருவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. கும்பிடுகிற பொருளைச் சோதித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

முந்நூற்றுப் பதினேழு வரிகள் இருந்தன.

முதல் வரியில் அறுபத்துநான்கு கிலோ. அது சென்னியப்பன். ரேஷன் அட்டையில் வாராவாரம் அவள் பார்த்த எண். அடுத்ததும் அறுபத்துநான்கு. பிறகு எண்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, மறுபடி அறுபத்துநான்கு, எழுபத்தாறு. நடுவில் ஒருமுறை இருபத்திரண்டு. ஒவ்வொருவராக ஏறி நின்றிருக்கிறார்கள். வரிசை கட்டிக்கூட நின்றிருப்பார்கள். தான் செய்த கதவு ஏன் திறக்கவில்லை என்று தெரியாமலேயே அவர் திரும்பத் திரும்ப வந்து ஏறியிருக்கிறார். கடைசி மூன்று வரியும் அறுபத்துநான்கு. அதன் பிறகு நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு பெரிய அழுத்தம், வெளிப்பக்கமிருந்து.

அது, அன்று ஆட்களுக்கு முன்னே சுரங்கவழியில் அனுப்பிய மீட்பு இயந்திரம். அதைத் தேடிப் போய்க் கேட்டாள். ஆமாம், ஊசியை முறித்துக் கதவைத் திறந்தது தான்தான், புகை சுரங்கவழிக்கு வந்ததே அதன் பிறகுதான் என்று அது உடனே சொன்னது. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றாள். யாரும் கேட்கவில்லை என்றது.

கோதை தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கதவு மெலிந்ததனால் முறியவில்லை. தடித்ததனால் முறியாமல் நின்றது. அந்த இரண்டு மில்லி அவளுடையது.

மறுநாள் ஊர்ச்சபையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசியைக் கடைந்தது தான் என்பதையும், கூட்டியது ஏன் என்பதையும் மறைக்கவில்லை. முந்நூற்றுப் பதினேழு வரிகளும் சுவரில் ஓடின. நாச்சிமுத்து எழுந்து போய், இருபத்திரண்டு என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஊர் தன்னை அடித்தாலும் சரி என்றுதான் கோதை வந்திருந்தாள். ஆனால் யாரும் அவளைத் திட்டவில்லை. பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சென்னியப்பனின் பெயரை அவள் எதிரிலேயே சொல்லி அழுதார்கள். பதினோரு வருடத்துக்குப் பிறகு பேச்சு நிற்காமல் நடந்தது.

அன்றே தீர்மானமும் நிறைவேறியது. தடிமன்தான் நம் மக்களைக் கொன்றது. ஆகவே இனி ஒவ்வொரு மேசையிலும் இறந்தவர் பெயரைச் சொல்லி ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். கோதை எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவளுடைய ஊசிக்கு மட்டும் விலக்கு கிடைத்தது, மூன்றில் ஏழு போகாது என்பதனால். மூன்று மில்லி ஊசியில் யாழிசை ஏறி நின்றாள். டக்கென்று முறிந்து கதவு விழுந்தது. கோதை மகளைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுவாரம் அவளுக்கு ஒரு மரியாதை செய்தார்கள். முதல் மேசையில் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, முதல் மில்லியை அவளே குறைக்க வேண்டும் என்றார்கள். வந்த முதல் வரைபடம் ஒரு போல்ட். எஃகு, இருபத்துநான்கு மில்லி. செய்பவர் பெயர், தகப்பன் பெயர், வீட்டு எண், உலோகம், தடிமன் என்று படிவத்தில் கட்டம் கட்டமாக எல்லாம் இருந்தது. எதற்கு என்று ஒரு கட்டம் இல்லை. பூமியில் எந்த அலுவலகத்திலிருந்தோ அப்படியே கொண்டுவந்த படிவம் அது.

"இது எதுக்குங்க?" என்று கோதை கேட்டாள்.

வரிசையில் நின்றவர் முதன்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டவர் போல விழித்தார். பள்ளிக்கூடத்துக் கூரையைப் பாறையோடு பிடித்துத் தொங்கவிடும் போல்ட், பழையது துருப்பிடித்துவிட்டது என்றார். அந்தக் கூரைக்கு அடியில்தான் அப்போது யாழிசை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல குறைக்கக் கூடாதுங்கண்ணா," என்றாள் கோதை. "இது தாங்கறதுக்குன்னு இருக்கற போல்ட்டுங்க. அது வேற, இது வேற."

அவள் பேனாவைத் தள்ளிவைப்பதை நாச்சிமுத்து பார்த்தார். புருஷன் பெயரை எழுந்து நின்று சொல்ல இன்னும் மனம் ஒப்பவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டார். தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.

"முடியலீங்களா அம்மிணி? பரவால்லீங்க. உங்க பங்கையும் நானே பார்த்துக்கறேன்."

அவர் எழுந்து நின்றார். சென்னியப்பன் என்றார். பொன்மணி என்றார். பிறகு உட்கார்ந்து, இருபத்துநான்கை அடித்துவிட்டு, தெளிவான கையெழுத்தில் இருபத்திரண்டு என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளினார்.