மாப்பிள்ளை காரும் ஒட்டடைக் குச்சியும்

ஒரு வாரமாக நௌஷின் கார்க் கதவு திறந்து பழகினாள். எதிர்வீட்டு வெள்ளைக் காரின் கதவை டப்பென்று திறப்பாள். “அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான், வாங்க!” என்பாள். காருக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வந்து இறங்கும்போது, பெண்ணின் தம்பிதான் கார்க் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். கல்யாணப் பெண்ணான அக்கா நுஸ்ரத் லாத்தாவுக்குத் தம்பி இல்லை. ஐந்தாவது படிக்கும் தங்கை நௌஷின்தான் இருந்தாள்.

“நான் திறக்கிறேன் வாப்பா!” என்று கேட்டாள். வாப்பா சரி என்றார். சுல்தான் பீவி மாமிக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

“பொம்பளப் புள்ள கதவு திறந்து எங்கே பாத்திருக்கீங்க? சொதப்பிட்டா என்ன பண்றது? உங்க தம்பி நஸ்ருதீன் திறக்கட்டும்.”

“சொதப்ப மாட்டேன் மாமி. கதவுதானே!”

கல்யாணத்தன்று காலையில் காரைக்காலில் கொட்டோ கொட்டென்று மழை. அது விட்டதும் மாப்பிள்ளையின் கார் தெருவுக்குள் நுழைந்தது. நௌஷின் திகைத்துப்போனாள்.

சிவப்பு நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. மாப்பிள்ளை தாரிக்கின் கூட்டாளி ராஜா, சென்னையில் தன் முதலாளியிடம் கேட்டு வாங்கி ஓட்டி வந்த பந்தயக் கார். புயல் வேகத்தில் போகக்கூடிய அந்தக் கார், ஓர் ஆட்டுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்து, வாசல் பந்தலுக்குள் நின்றது.

“கைப்பிடி எங்கே?” என்று தேடினாள் நௌஷின்.

ராஜா ஜன்னலை இறக்கினார். பாதிக்கு மேல் அது இறங்கவில்லை. “கீழே ஒரு பொத்தான் இருக்கு பாரும்மா. அமுக்கினா கதவு றெக்கை மாதிரி மேலே போகும். பக்கத்துல சுவர் இருந்தாக்கூடத் திறக்கலாம்!”

நௌஷின் அமுக்கினாள். கதவு ஒரு சாண் உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பந்தலில் இடித்து நின்றுவிட்டது. மறுபக்கக் கதவும் அப்படியே.

“பக்கத்தைப் பாத்துச் செஞ்சவன் மேலே பாக்க மறந்துட்டானே!” என்று சிரித்தார் நஸ்ருதீன் சாச்சா.

“அந்த இடைவெளியில வெளியே வர முடியாதா மச்சான்?” என்று கேட்டாள் நௌஷின்.

உள்ளேயிருந்து தாரிக்கின் குரல் வந்தது. “தலை வருது. உடம்பு வரலை.”

“காரைப் பின்னால எடுங்க” என்றார் வாப்பா.

“எடுக்கவே கூடாது!” என்றார் மாமி. “வாசலுக்கு வந்த மாப்பிள்ளை பின்னால போறதா? இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். நஸ்ருதீன், நீ வா!”

நிக்காஹ் ஓதப் பள்ளிவாசல் ஹஜ்ரத் உள்ளே காத்திருந்தார். வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நுஸ்ரத் லாத்தாவின் கண்கள் கலங்கியிருந்தன.

“பந்தல் கயிற்றை அறுத்துடுவோம்” என்று சாச்சா கத்தியோடு வந்தார்.

எல்லோரும் காரைப் பார்த்தார்கள். நௌஷின் மட்டும் மேலே பார்த்தாள். கதவு இடித்த இடத்தில் ‘சளக்’ என்று ஒரு சத்தம். பந்தலின் தார்ப்பாய் காருக்கு மேலே மட்டும் பானை வயிறு போலத் தொங்கியது.

“அறுக்காதீங்க சாச்சா! பந்தல் தாழ்வா இல்லை. மழைத் தண்ணி தேங்கியிருக்கு. அறுத்தா எல்லாம் மச்சான் மேலதான் விழும்!”

அவள் வீட்டுக்குள் ஓடினாள். நீளமான ஒட்டடைக் குச்சியோடு திரும்பி வந்தாள்.

“கல்யாணத்தன்னிக்கு ஒட்டடை அடிக்கப் போறியா?” என்றார் மாமி.

“இதோட தலை மெத்துன்னு இருக்கு மாமி. தார்ப்பாய் கிழியாது. ராஜா அண்ணே, கதவை மூடுங்க! சாச்சா, அங்கேருந்து தள்ளி நில்லுங்க!”

“எனக்கே சொல்றியா?” என்று சாச்சா அசையாமல் நின்றார்.

கதவுகள் மூடின. நௌஷின் குச்சியை வைத்து மேலே தள்ளினாள். அசையவில்லை. வாப்பாவும் வந்து குச்சியைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தள்ளியதும் தண்ணீர் ஓரமாக உருண்டு ஓடி, ‘சோ’வென்று கொட்டியது. சாச்சா தலையிலிருந்து கால்வரை நனைந்தார்.

தெருவே சிரித்தது. பாரம் குறைந்த தார்ப்பாய் விறைப்பாக மேலே எழும்பியது.

நௌஷின் கைகளைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். கதவு சரசரவென்று உயர்ந்தது. எதிலும் இடிக்கவில்லை.

“அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான், வாங்க!”

“வ அலைக்கும் ஸலாம்” என்று தாரிக் மூச்சை இழுத்துவிட்டபடி இறங்கினார். தயாராக வைத்திருந்த மோதிரத்தை அவள் விரலில் போட்டார். ஜன்னலுக்குப் பின்னால் லாத்தாவின் முகம் மலர்ந்தது.

“சரி, கதவை யார் மூடுறது?” என்று கேட்டார் ராஜா.

நௌஷின் எம்பிப் பார்த்தாள். கை எட்டவில்லை. அவள் வாய் திறப்பதற்குள், சுல்தான் பீவி மாமி ஒட்டடைக் குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இந்தா. அடுத்த மாசம் என் மகன் கல்யாணத்துக்கு வரும்போதும் இதை மறக்காம எடுத்துட்டு வா!”