இன்னும் வந்து சேராத படம்

ஏழு அடி விழ வேண்டிய இடத்தில் ஐந்துதான் விழுந்தன.

அவர் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். லேப்டாப் திரையில் ஒரு சமையலறை. வாசலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். சுத்தியலோடு பின்னாலிருந்து வரும் ஓர் ஆண். இருவருக்கும் முகமில்லை, களிமண் நிறத்து உருவங்கள். சுத்தியல் உயர்ந்தது, இறங்கியது, மண்டை உள்வாங்கியது. நடுவில் படம் திக்கியது. ஓங்கிய கை இறங்காமலே மறுபடியும் ஓங்கி நின்றது. மூன்றாவது அடியும் ஆறாவது அடியும் எங்கே போயின?

நீதிமன்றத்துக்காகக் கொலைகளை அசையும் படங்களாக்கிக் கொடுப்பது அவர் தொழில். பிரேதப் பரிசோதனை அறிக்கை ஏழு என்றால் படத்திலும் ஏழு இருந்தாக வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் வழக்கறிஞர் கைக்குப் போயாகவும் வேண்டும். நடிக்க ஆள் தேடுவானேன் என்று, போன வாரம் தம் வீட்டுச் சமையலறையிலேயே உடம்பெல்லாம் சென்சார் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, கொலையாளியாக அவரும் கொலையுண்டவளாக மனைவியும் நடித்து அசைவுகளைப் பதிவு செய்திருந்தார்கள். சுருட்டிய செய்தித்தாள்தான் சுத்தியல். "இருபது வருஷக் கோபத்த இன்னிக்கே தீத்துக்கலாம்னு பாக்குறீங்களா? மெதுவா அடிங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு முறை திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் கடைக்காரன். மேசைமேல் உறுமிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியை, லேப்டாப்புக்கு வெளியே தனியாக வைத்துப் படங்களை வரையவிடும் அந்த கிராபிக்ஸ் கார்டை, அவர் தலையில் கட்டியவனும் அவனே.

"கார்டு யானை, மாமா. ஆனா நீங்க யானைய சந்துல ஓட்டுறீங்க. இருக்கிறது ஒரே கேபிள். வேலையும் அது வழியா போகணும், முடிஞ்ச படமும் அதே வழியா லேப்டாப்புக்குத் திரும்பி வரணும். நெரிசல்ல சில படம் வழியிலயே விழுந்துடுது."

"அப்ப நான் பாக்குறது?"

"பழசு. பெட்டிக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிருக்கும். உங்க கண்ணுக்குத்தான் லேட்டா வருது. ஒரு மானிட்டர நேரா பெட்டியிலயே சொருகுங்க, சரியாயிடும். அக்கா எங்க?"

"சமையலறையில."

"அப்ப அக்கா சமையலுக்கு இந்தக் கொலையே தேவல," என்று சிரித்தபடி போனை வைத்துவிட்டான்.

பழைய கதை ஒன்றில், ஆட்டுப் பட்டிக்குள் ஓநாய் புகுந்து நெடுநேரம் ஆன பின்னும், குறுகிய படல் வழியே ஆடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டுதான் இருந்தனவாம். வாசலில் நின்ற இடையன் ஆட்டைப் பார்த்தான். எல்லாம் நலமே என்று நம்பினான். அவன் பார்த்ததும் பொய்யில்லை. உள்ளே நடந்ததும் பொய்யில்லை.

பிற்பகல் வெயில் திரைச்சீலையைத் துளைத்து மேசைமேல் பழுப்பாகப் படிந்திருந்தது. பெட்டியின் விசிறி கக்கிய காற்றில் சுட்ட தூசியும் இளகிய பிளாஸ்டிக்கும் மணத்தன, அவற்றுக்கு அடியில் துருப்பிடித்த இரும்பைப் போல இன்னொரு நாற்றமும் மெல்ல எழுந்தது. சமையலறையில் அவள் பாத்திரங்களை உருட்டியபடி ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. பரணிலிருந்த பழைய மானிட்டரை இறக்கி, பெட்டியில் சொருகினார்.

படம் தண்ணீராக ஓடியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியும் விழுந்தது. விழுந்ததும், அடித்தவன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

களிமண்ணில் மூக்கு முளைத்திருந்தது. நான்கு. உதடு. ஐந்து. கண். ஆறாவது அடியில் மறுபடி திரும்பியபோது அது அவருடைய முகம். பெண்ணின் கொண்டையில், இன்று காலை அவர் கண்ணெதிரே மனைவி செருகிக்கொண்ட மஞ்சள் ஊசி. பின்னால் இருந்தது அவர்கள் வீட்டு அடுப்பு, அவர்கள் வீட்டுக் குழாய். குழாய்மேல் ரத்தம் தெறித்திருந்தது. ஏழு. மானிட்டரில் இருந்தவன் நிறுத்தவில்லை. எட்டு. ஒன்பது. எலும்பு நொறுங்கும் ஓசை ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை; சுவருக்கு அப்பாலிருந்து வந்தது.

கேபிளைப் பிடுங்கினார். படம் நிற்கவில்லை.

"ஏம்மா!" என்று கத்திக்கொண்டே எழுந்தார்.

கூடத்தின் நடுவில் நின்றார். நடந்த நினைவில்லை.

சமையலறை நிலைப்படி. கதவைத் தள்ளியது யார்?

கையில் ஒரு கனம்.

தோள் வலி. பத்து முறை ஓங்கிய வலி.

அடுப்பருகே.

அவள் நின்றாள். முதுகு காட்டி, முழுதாக, ஒரு கீறல்கூட இல்லாமல். அவருக்கு மூச்சு வந்தது.

"என்னங்க, கூப்பிட்டீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கில் உப்புச் சுவை. கையைப் பார்த்தார். முழங்கை வரை சிவப்பு. இன்னும் சூடு ஆறவில்லை. விரலிடுக்குகளில் நரைத்த முடி. பாதத்தில் ஏதோ மெத்தென்று இடறியது. குனிந்து பார்த்தார். தரை வெறுமையாகத் தெரிந்தது. காலால் தடவினார். தோள். கழுத்து. அதற்குமேல் இருக்க வேண்டிய தலை இல்லை, ஈரம்தான் இருந்தது.

"ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்று கேட்டபடி, நின்றவள் அவர் பக்கம் திரும்பிச் சிரிக்கத் தொடங்கினாள். உதடு பாதி விரிந்தது. நெரிசலில் மாட்டிய படம்போல அங்கேயே திக்கி நின்றது.