பதினேழாம் எண் புயலும் பதினோரு வீட்டுக் கூடும்

பதினேழாம் எண் புயல் நாற்பது நிமிடம் தாமதமாக வரும் என்று தெருமுனை ஒலிபெருக்கி அறிவித்தபோது பங்கயம் மொட்டைமாடியில் மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் இருந்தால் ஒருமுறை திருப்பிப்போடலாம். திருப்பிப்போட்டாள்.

அது 2171ஆம் ஆண்டு ஐப்பசி. கடல் சூடேறிச் சூடேறி, அலைக்குடிக்குப் புயல் வருவது பால்காரர் வருவதுபோல ஆகிவிட்டிருந்தது. சூட்டுவதற்குப் பெயர்கள் தீர்ந்துபோனதால் எண் கொடுத்துவந்தார்கள். இரண்டாம் படிப் புயல் என்றால் காயும் துணியை எடுத்து உள்ளே போடுவார்கள். மூன்றாம் படி என்றால் பள்ளிக்கூடம் அரைநாள். ஐந்தாம் படிதான் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவது. அது அலைக்குடிப் பக்கம் வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படி வந்தாலும் மக்கள் பிழைக்க வேண்டுமே என்று அரசு கொண்டுவந்ததுதான் புயற்கூடு. மடித்து வைத்தால் அரிசி மூட்டை அளவு இருக்கும். கயிற்றை இழுத்தால் ஒன்றரை நிமிடத்தில் விரிந்து, தரையில் நங்கூரம் பாய்ச்சி, ஆறு பேர் இரண்டு நாள் பத்திரமாக இருக்கக்கூடிய அறையாகிவிடும். கூடு வாங்கினால் விற்பனை வரி கிடையாது. வீட்டில் கூடு இருந்தால் ஆண்டுதோறும் வருமான வரியில் பாதி தள்ளுபடி. அரசே இவ்வளவு தாராளமாக இருக்கும்போது நாமும் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டாமா என்று வடக்குத் தெருவின் பதினோரு குடும்பங்களும் யோசித்தன. யோசித்து, எல்லாமும் சேர்ந்து ஒரே ஒரு கூடு வாங்கின.

ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பான் வரும். மூன்று கால் எந்திரம் அது. வாசல் வழியாக வந்து, கூட்டின்மேல் பச்சை ஒளி பாய்ச்சி, "கூடு உள்ளது, நன்று" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நடக்கும். அது படியிறங்கிப் படியேறுவதற்குள் கூடு கொல்லைச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு வேறுபாடு வேண்டும் என்பதால் டெய்சி வீட்டில் அதன்மேல் பின்னல் விரிப்பு விழும், சாகுல் பாய் வீட்டில் ஒரு பூச்சாடி ஏறும். எந்திரத்தைச் செய்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாவற்றையும் எண்ணிப்பார்த்திருந்தார்கள். கொல்லைச் சுவரை எண்ணிப்பார்க்கவில்லை. இந்த ஏற்பாடு முழுவதற்கும் தலைமை பங்கயம்தான். கணவர் கடலுக்குள் அலைமின் நிலையத்தில் வேலை பார்த்தார். தெருவை அவள் பார்த்துக்கொண்டாள்.

இந்த ஆண்டுச் சரிபார்ப்பு புயல் வரும் நாளிலேயே வந்து வாய்த்தது. அதோடு, பங்கயத்தின் மகள் நிறைமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. அனுப்புவதற்கு முன் மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வீட்டில் கூடு இருக்கிறதா என்று. இருக்கிறது, புதுசாகவே இருக்கிறது என்றாள் பங்கயம். புதுசாக இருந்தது உண்மைதான். யாரும் அதைப் பிரித்ததே இல்லை.

நிறைமதி வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வாங்கிய கூடு என்பதால் அவளுக்குச் சங்கதி தெரியாது. சரிபார்ப்பான் வாசல்படி இறங்கியதும் கூடு சமையலறை வழியாகப் பறப்பதைப் பார்த்து அவள் எழுந்துவந்தாள்.

"அம்மா, நம்ம கூடு எங்க போகுது?"

"டெய்சி அத்தை வீட்டுக்கு."

"அப்ப அவங்க கூடு?"

"அதுதான் இது."

நிறைமதி மலையூர்ப் பள்ளியில் குடிமையியல் ஆசிரியை. கொல்லையிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். இது மோசடி, சட்டப்படி குற்றம், எல்லோரும் இப்படிச் செய்தால் நாடு என்ன ஆகும் என்றாள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், நாடு இருக்கத்தானே செய்கிறது என்றாள் பங்கயம். அவள் கண் கூட்டின்மேலேயே இருந்தது. கூடு எட்டாவதான சாகுல் பாய் வீட்டைக் கடந்துவிட்டால் பிறகு சுவர்கள் தாழ்வு, கவலையில்லை.

கூடு எட்டாம் வீட்டில் பச்சை ஒளி வாங்கி முடித்த நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடி பேசியது. பதினேழாம் எண் புயல் ஐந்தாம் படிக்கு உயர்த்தப்பட்டுள்ளது. இருபது நிமிடத்தில் கரை தொடும். மக்கள் அவரவர் கூட்டுக்குள் செல்லவும்.

தெரு முழுவதும் கொல்லையில்தான் நின்றிருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பங்கயம் மகளின் வயிற்றைப் பார்த்தாள். பாதி வரிக்காகப் பெற்ற பெண்ணைப் பணயம் வைத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் ஐந்து மீட்புக்கலங்கள் இருப்பது நினைவுக்கு வந்ததும் உடனே அழைத்தாள். எடுத்தவர் மரியாதையான மனிதர்.

"கலம் இருக்கும்மா. இன்னிக்கு பக்கத்து மாவட்டத்துல நிக்குது."

"அஞ்சுமா?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அஞ்சுன்னுதான் எழுதியிருக்கு. அங்க மேலிடத்துத் தணிக்கைம்மா. நாளைக்கு நம்ம மாவட்டத்துக்கு வருவாங்க. கலமும் கூடவே வந்துரும்."

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். பங்கயத்தால் முடியவில்லை. அவர் சொன்னது அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

"அலைக்குடில வீட்டுக்கு வீடு கூடு இருக்குன்னு பதிவாயிருக்கேம்மா," என்றார் அவர். "அந்தத் தைரியத்துலதான் கலத்தை அனுப்பிவெச்சோம்."

அதற்குப் பிறகு அந்தத் தெரு செய்ததைக் குறை சொல்ல முடியாது. கூடு யாருக்கு என்று ஒரு பேச்சு எழவில்லை. சாகுல் பாய் தன் கொல்லையில் கயிற்றை இழுத்தார். நிறைமதியையும் தெருவின் ஐந்து சின்னக் குழந்தைகளையும் உள்ளே ஏற்றினார்கள். மற்றவர்கள் பாய் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒண்டிக்கொள்வதாக முடிவாயிற்று. ஆறு பேர், சரியான கணக்கு. கதவு மட்டும் மூடவில்லை. கூடு வாங்கிய நாள்முதல் முதன்முறையாக வாய் திறந்தது.

"உள்ளே ஏழு இதயங்கள் துடிக்கின்றன. ஆறு பேருக்கு மட்டுமே அனுமதி."

எல்லோரும் குழந்தைகளைத் திரும்ப எண்ணினார்கள். டெய்சிதான் முதலில் நிறைமதியின் வயிற்றைப் பார்த்தாள். அது இன்னும் பிறக்கவேயில்லை, அதை எதற்கு எண்ணுகிறாய் என்று பங்கயம் கூட்டோடு சண்டை போட்டாள். துடிக்கிறது என்றது கூடு. அந்தத் தெருவில் அன்று வரை பொய் சொல்லாத ஒரே பொருள் அதுதான், அதுவும் இந்த நேரம் பார்த்து. நிறைமதி இறங்கப்போனாள். குழந்தைகள் இருக்கட்டும், தான் வெளியே இருந்துகொள்வதாகச் சொன்னாள். பங்கயம் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது.

அப்போது ஒன்பதாம் வீட்டு வாசலில், யாரும் திறக்காத கதவை விடாமல் தட்டிக்கொண்டிருந்த சரிபார்ப்பானின் சத்தம் கேட்டது. பங்கயம் ஓடினாள். எட்டாம் வீட்டுக் கூட்டில் சந்தேகம் இருக்கிறது, மறுபடி பார்க்கவேண்டும் என்று சொல்லி அதை இழுத்துவந்தாள். சரிபார்ப்பான் கூட்டின்மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சியது. பட்டதும் கூட்டின் குரலே மாறிவிட்டது.

"ஆறு பேர். எல்லாம் சரியாக உள்ளது," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது.

தணிக்கை ஒளி பட்டால் எல்லாம் சரி என்றே சொல்லவேண்டும் என்று கூட்டைச் செய்த நிறுவனம் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. விற்பனைக்கு அனுமதி வாங்க வேறு வழியில்லை.

மற்றவர்கள் மாடிப்படிக்கு அடியில் புகுந்தார்கள். பங்கயம் போகவில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி கூட்டின் ஓரமாகவே உட்கார்ந்தாள். அவள் பிடிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பாய் எடுத்துச்சொன்னார். அது அவளுக்கும் தெரியும்.

புயல் வந்தது. மோர்மிளகாயைத் தட்டோடு கொண்டுபோனது. டெய்சி வீட்டுக் குளியலறைக் கூரைத் தகட்டைக் கிழித்துக் கொல்லையில் போட்டது. சில தென்னைமட்டைகளை உதிர்த்துவிட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டது. இரண்டாம் படிக்குமேல் ஒரு பிடி காற்றுகூட இல்லை.

கூடு திறந்து நிறைமதி நல்லபடியாக வெளியே வந்ததும் பங்கயம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அலுவலகத்தை அழைத்தாள். அதே மனிதர்தான் எடுத்தார். ஐந்தாம் படிப் புயலுக்கென்று ஒதுக்கிய நிதி இந்த மாதத்தோடு காலாவதி ஆகிறதாம். மாவட்டத்துக்கு இருபது வருடமாக ஒரு ஐந்தாம் படியும் வரவில்லை. அதனால் வந்த புயலை ஐந்தென்று எழுதிவிட்டார்களாம்.

"உசுரோட விளையாடுவீங்களா? மனசாட்சின்னு ஒண்ணு இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பங்கயம் தொடர்பைத் துண்டித்தாள். தெருவே கொதித்தது. இந்த நாட்டில் நேர்மை என்று ஒன்று மிச்சமிருக்கிறதா என்று சாகுல் பாய் கேட்டார். காகிதத்திலேயே ஆட்சி நடக்கிறது என்றாள் டெய்சி. இப்போதாவது உறைத்ததே என்று நிறைமதி நிம்மதியாகக் காப்பி குடித்தாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கி மூன்றாம் முறையாகப் பேசியது. ஐந்தாம் படிப் புயலில் கூரை கிழிந்த வீடுகளுக்கு மூன்று ஆண்டு முழு வரிவிலக்கு. சேதத்தைப் பார்வையிட இன்னும் பத்து நிமிடத்தில் சரிபார்ப்பான் வரும்.

எல்லோர் கண்களும் கொல்லையில் கிடந்த அந்த ஒற்றைத் தகட்டின்மேல் போயின. சாகுல் பாய் கைலியை மடித்துக் கட்டினார். டெய்சி சுவரோரம் நகர்ந்தாள். பங்கயம் மட்டும் தயங்கி, மகளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

நிறைமதி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக எழுந்து, தகட்டருகில் போய் அதை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"கிழிஞ்ச பக்கம் வாசலைப் பாத்து இருக்கணும்மா," என்றாள். "ஒவ்வொரு வீட்டுலயும் தகட்டுமேல வேற வேற மட்டையைப் போட்டுக்கங்க."