குழலுக்குள் மஞ்சள் நூல்

கோல் முழுதாக உள்ளே போகவில்லை. இரண்டு விரற்கடை வெளியே நின்றது.

ஹார்லன் அதை உருவி மறுபடியும் துப்பாக்கிக் குழலுக்குள் போட்டான். காலிக் குழலில் இரும்புக்கோல் விழுந்தால் மணி அடித்த மாதிரி கேட்கும். இது தொப்பென்று விழுந்தது. அப்படியென்றால் உள்ளே குண்டு இருக்கிறது.

கருமருந்துத் துப்பாக்கிக் கழகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முப்பது வருஷமாக அவன் தொண்டை கிழியச் சொல்லிவந்தது இது ஒன்றைத்தான்: பழையதை வாங்கினால், கையில் எடுத்ததும் கோலை விட்டுப் பார். இன்று மத்தியானம் அவனே பார்க்கவில்லை. புருஷன் வெர்ஜிலைப் புதைத்து மூன்று வாரம் ஆகாத எட்னாவின் எதிரில், அந்தப் புருஷனைக் கொன்ற கைத்துப்பாக்கிக்குள் கோலை விட்டு ஆட்டுவதற்கு மனசு வரவில்லை. வாங்காமல் வரவும் மனசு வரவில்லை. அக்ரூட் மரப்பிடியும் வெள்ளிப் பூணுமாக இருநூறு வருஷத்துச் சாமான். ஆசை யாரை விட்டது?

"வெர்ஜில் கோலை விட்டுப் பாத்துட்டுத்தான் வச்சாரு. காலின்னாரு," என்று மத்தியானம் சொன்னாள் எட்னா. "பொறி தட்டுற தீக்கல்லக்கூடக் கழட்டி என் கையில குடுத்துட்டாரு."

"அப்புறம் எப்படி வெடிச்சுது?"

அவள் நாற்காலி முதுகில் கிடந்த வெர்ஜிலின் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். நெஞ்சுப் பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை. கத்தரித்து எடுத்த மாதிரி இருந்தது.

"இது குண்டு பட்ட ஓட்டை இல்ல, ஹார்லன். அன்னிக்கு அவரு வேற சட்டை போட்டிருந்தாரு. இது முந்தின நாளே இருந்துச்சு. பூச்சி அரிச்சிருக்கு, பாத்து வைக்கக்கூடாதான்னு திட்டுனேன்."

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் தந்த தீக்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

வெளியே பென்சில்வேனியா மலைகளின் மேல் பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில், புத்தாண்டுக்காகப் புளித்த முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் காலையிலிருந்தே ஒரே சட்டியில் வெந்துகொண்டிருக்க, அந்தப் புளிப்பு வாசனை கதவிடுக்கு வழியாகப் பட்டறைக்குள் வந்து, எண்ணெயோடும் பழைய கந்தகத்தோடும் கலந்து அவன் மூக்கில் ஏறியது. அவன் மனைவி வில்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவனுக்கு எந்தக் கவலையும் பெரிதாகத் தெரியாது.

குழலின் அடியில் பக்கவாட்டிலிருந்த தீத்துளை வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை ஊறவைத்தான். கோலின் நுனியில் திருகாணியை மாட்டி, குண்டுக்குள் முறுக்கி, மெல்ல இழுத்தான். ஈயக்குண்டு வந்தது. குண்டு ஆடாமல் நிற்க அதைச் சுற்றி வைக்கிற துணிவட்டமும் வந்தது.

வழக்கமான பருத்தித் துணி இல்லை. கம்பளி. கையால் பின்னிய மஞ்சள் கம்பளி.

அந்த மஞ்சளை அவனுக்குத் தெரியும்.

"ஹார்லன்!" வில்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "என் ஸ்வெட்டர் முதுகுல என்னமோ ஓட்டை. குளிரு உள்ள ஏறுது. ஆணியில மாட்டி இழுத்துட்டியா?"

வெர்ஜிலின் சட்டையிலிருந்த வட்ட ஓட்டை அவன் கண்முன் வந்தது. "கழட்டு அதை! வில்மா, இப்பவே கழட்டு!"

"வயசான காலத்துல ஆசையப் பாரு!" அவள் சிரித்தாள். "கறி வேகட்டும், இரு."

குண்டுதான் வெளியே வந்துவிட்டதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது ஈரமாக அவன் உள்ளங்கையில் இருந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ளக் கோலைப் போட்டான்.

தொப்.

இரண்டு விரற்கடை வெளியே நின்றது.

கோலை உருவினான். குழல்வாயிலிருந்து மஞ்சள் நூல் ஒன்று தொங்கியது. மேசை மேல் ஓடியது. தரையில் இறங்கியது. கதவடியில் நுழைந்து, சமையலறைக்குள் போயிருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குழலுக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"யாரு பின்னாலேருந்து இழுக்குறது? நீயா?" வில்மாவின் குரல் கிட்டே வந்தது.

துப்பாக்கி மேசைமேல் தானாகத் திரும்பியது. மரம் மரத்தில் உரசியது. குழல் கதவைப் பார்த்து நின்றது. அவன் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். அசையவில்லை. கத்தியை எடுத்து நூலை அறுத்தான். அறுபடவில்லை.

தீக்கல் இல்லாமல் வெடிக்காது. சட்டைப்பையைத் துழாவினான்.

காலி.

கல் துப்பாக்கிக் குதிரையின் வாயில் இருந்தது. குதிரை பின்னால் சாய்ந்தது. ஒரு சொடுக்கு. இன்னொரு சொடுக்கு.

கதவுப்பிடி திரும்பியது. கத்தவோ யோசிக்கவோ நேரமில்லை. குழலுக்கும் கதவுக்கும் நடுவே பாய்ந்து, குனிந்து, குழல்வாயில் தன் நெஞ்சை வைத்து அடைத்தான். என்னைத் தாண்டிப் போகாது. போகக் கூடாது.

"இங்க தனியா என்னதான் பண்ற?"

வில்மா பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு அவன் முதுகில் அழுந்தியது.

குதிரை விழுந்தது. பொறி பறந்தது. அவன் போடாத மருந்து, தீத்துளையை ஒட்டிய கிண்ணத்தில் புஸ்ஸென்று பற்றிக்கொண்டது. இந்த ரகத் துப்பாக்கியில், நெருப்பு தீத்துளை வழியாக உள்ளே போய்ச் சேர ஒரு கணம் பிடிக்கும்.

அந்தக் கணத்தில் வில்மா, குளிருக்கு இதமாக, தன் கன்னத்தை அவன் முதுகில் வைத்துக்கொண்டாள்.