நடுங்கிய கோடு

"உங்க மெஷின்தான் கீறிடுச்சு!"

வந்ததும் வராததுமாக நெகட்டிவ்களை ஃபோட்டோ ஸ்டூடியோ கவுண்டரில் அவள் முன்னால் போட்டான் அவன். மழையில் நனைந்த தலை, மழிக்காத தாடி, தூங்காத கண்கள்... முந்தின நாள் ஸ்கேன் பண்ணி வாங்கிப்போனவன்தான். அப்போதே அவள் மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டாள். உம்மணாமூஞ்சி!

அந்த ஸ்டூடியோவின் ஸ்கேன் மெஷின் அவள் பொறுப்பு. அதைக் குறை சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நீளவாக்கில், முடி போன்ற மெல்லிய கீறல்கள்...

"வீட்ல நீங்களே கழுவினீங்களா சார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஈரமா இருக்கும்போது விரலால வழிச்சுவிட்டீங்களா?"

"இல்லை."

"மெஷின் கீறினா கோடு நேராப் போகும். இது வளைஞ்சு வளைஞ்சு போகுது. அதுவும் இந்தப் பொண்ணு சிரிக்கிற படம் வந்ததும்... கை நடுங்கியிருக்கு."

அவன் முகம் வெளிறியது. நெகட்டிவ்களை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

இந்த வாய் இருக்கிறதே... வம்பை விலைக்கு வாங்காமல் அடங்காது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கண்கள் அவளை விடவில்லை.

மறுவாரமும் மழை விட்டபாடில்லை. மதியம் ஆளில்லாத நேரத்தில், உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றான் அவன். கையில் இன்னும் கழுவாத ஃபிலிம் ரோல் ஒன்று.

"பொய் சொல்லிட்டேங்க. சீக்கிரம் காயணும்னு ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நான்தான் வழிச்சேன். அந்தப் பொண்ணு என் தங்கச்சி... அவ தவறிப்போய் மூணு மாசம் ஆச்சு. அவ எடுத்ததுல இதுதான் கடைசி ரோல். அம்மா இதைப் பார்க்கத்தான் காத்துட்டிருக்காங்க. இதையும் நான் பாழாக்கிட்டா..."

அந்த நடுக்கத்தையா அன்று கெட்டிக்காரத்தனமாகச் சுட்டிக்காட்டினாள்!

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது... உள்ள வாங்க. சேர்ந்து கழுவலாம்."

ஸ்டூடியோவின் பின்பக்கக் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, காற்றிலிருந்த தூசி ஈர ஃபிலிமில் ஒட்டாதபடி ஆவியில் படியவிட்டாள். கழுவி முடித்த ஃபிலிமை, நீர் தங்காமல் வழிய ஒரு சொட்டு மருந்து கலந்த தண்ணீரில் நனைத்து, கம்பியில் தொங்கவிட்டாள். சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியது. அவன் விரல்கள் தம்மையறியாமல் எழுந்தன... சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதீங்க! ஈரத்துல இது பச்சைப்புண் மாதிரி. விரல், துணி, எது பட்டாலும் கீறும். அதுவா வழிஞ்சு காயட்டும்."

அவன் சுவரில் சாய்ந்து அழுதான்... சத்தமே இல்லாமல். கைக்குட்டையை எடுத்தவள் அதை நீட்டவில்லை. அழட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். பிடித்த மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, வெளியே ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். நேரம் போகவே மாட்டேன் என்றது.

"உங்களுக்கு நான் ஒரு பேர் வச்சிருக்கேன், தெரியுமா?"

"என்ன பேரு?"

"உம்மணாமூஞ்சி..."

முதல்முறையாகச் சிரித்தான். "அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவா."

காய்ந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கீறல் இல்லை. கடைசிப் படத்தில் அவன்தான், அதே உம்மென்ற முகத்தோடு... தங்கை எடுத்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இனிமே கழுவ ரோல் இல்லைங்க..." தரையைப் பார்த்தபடி சொன்னான். "இங்க வர எனக்கு வேற காரணமும் இல்லை. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களைப் பார்க்கன்னே வரலாமா?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஃபிலிமைத் துண்டுகளாக வெட்டி உறையில் போடக் கத்தரிக்கோலை எடுத்திருந்தவள், அதை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே வெட்டுங்க... எனக்குக் கை நடுங்குது."