மாட வீதிக்கு வந்த நட்சத்திர ஆமை

பாண்டி பஜாரில் ஒரு மரத்தடியில் வேன் நின்றிருந்தது. வேனுக்குள் கிளிஃபர்டின் பை நடந்தது.

ஆமாம், நடந்தது. இருக்கைக்கு அடியில் கிடந்த அந்த நீலப் பை, யாரும் தொடாமலே மெல்ல நகர்ந்து வந்து ஜெசிகாவின் செருப்பில் முட்டி நின்றது.

ஜெசிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் தூக்கிக்கொண்டாள்.

"டேய் கிளிஃபர்ட்! உன் பைக்குள்ள எலி!"

"எலி இல்லக்கா," என்றான் தம்பி. அவனுக்கு ஆறு வயது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "அதைத் தொடாதே. அது தூங்குது."

"தூங்குறது எப்படிடா நடக்கும்?"

ஜெசிகா ஒரு விரலால் பையின் ஜிப்பை இழுத்தாள். உள்ளே கம்பளித் தொப்பி. தொப்பிக்குள் உருண்டையாக ஏதோ ஒன்று. கறுப்பு ஓட்டில் மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரக் கோலங்கள்.

ஆமை!

ஜெசிகா சட்டென்று சுற்றிலும் பார்த்தாள். முன்னிருக்கையில் டிரைவர் முருகன் நல்ல குறட்டை. மற்றவர்கள் எல்லாரும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள்.

அது 'காடும் பட்டணமும்' என்ற சுற்றுலா. முதலில் சத்தியமங்கலம் காடு. கடைசி நாள் சென்னை. ஜெசிகாவின் வீடு இருப்பதே சாந்தோமில்தான். "சொந்த ஊரையே சுத்திப் பார்க்கணுமா?" என்று மம்மி டெல்பின் கேட்டதற்கு, "கொடுத்த காசுக்கு நம்ம வீட்டு வாசலையும் பார்த்துட்டுத்தான் இறங்கணும்," என்று சொல்லிவிட்டார் டாடி மேத்யூ.

அப்படியேதான் ஆயிற்று. அன்று காலை வழிகாட்டி டில்லிபாபு மைக்கில் சாந்தோம் தேவாலயத்தின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் மீன் விற்கும் தேசம்மா ஜன்னலைத் தட்டினார். "இன்னா டெல்பின்! வூட்டாண்ட வந்துட்டு இறங்காம சுத்திக்கினு கீறே?" என்று அவர் கேட்க, வேனே சிரித்தது. மம்மி மட்டும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவ்வளவு நேரமும் இந்த ஆமை வேனுக்குள்தான் இருந்திருக்கிறது!

"எங்கேருந்துடா எடுத்தே?"

"நேத்து. மலையிலேருந்து இறங்கினதும் வண்டி நின்னுச்சுல்ல, அங்க. ரோட்டுல போய்க்கிட்டிருந்துச்சுக்கா. தூரத்துல லாரி வந்துச்சு. நசுங்கிடும்ல?"

"தூக்கி அந்தப் பக்கம் விட்டிருக்கலாமே!"

"எந்தப் பக்கம் அதோட வீடுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஜெசிகாவுக்கும் அது தெரியாதுதான்.

"சாப்பிட ஏதாவது கொடுத்தியா?"

"மிக்சர் கொடுத்தேன். காராபூந்தியைக்கூடத் தொடலை."

நேற்றிலிருந்து பட்டினி! ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, சென்னை வெயிலில், ஜிப் போட்ட பைக்குள்! மம்மியிடம் சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் ஆமை பிழைக்காது. திட்டு பரவாயில்லை என்று ஜெசிகா முடிவு செய்தாள்.

எல்லாரும் வந்து ஏறி, வேன் மயிலாப்பூர் நோக்கிக் கிளம்பியது. ஜெசிகா பையைத் திறந்து மம்மியின் மடியில் வைத்தாள்.

"ஐயோ, இயேசுவே!"

மம்மி போட்ட கூச்சலில் முருகன் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். ஆட்டோ ஒன்று பின்னால் கிறீச்சிட்டு நின்றது. வேனில் இருந்த அத்தனை பேரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்த அத்தனை பேரும் அப்படியே சிலையாக நின்றார்கள்.

டில்லிபாபுவின் கையிலிருந்த மைக் நழுவித் தரையில் விழுந்தது.

"இன்னாம்மா இது! நட்சத்திர ஆமைம்மா! காட்டுலேருந்து ஒரு இலையக்கூட எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கினே இருந்தேனே!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மேத்யூ சார், ஃபாரஸ்ட்காரங்க பார்த்தா இது கேஸு சார். இந்த வேலை கெடைச்சே மூணு மாசம்தான் ஆவுது. இதுவும் பூடுச்சு!"

டாடிக்கு வியர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கும் ஆசிரியர் அவர். இப்போது மகனைப் பார்க்கிறார், ஆமையைப் பார்க்கிறார், பேச்சு வரவில்லை.

"ஓரமா எங்கேயாவது விட்டுட்டுப் போயிடலாம் சார்," என்றார் முருகன்.

"இந்த டிராஃபிக்லயா?" என்று மம்மி அலறினார்.

பின்னிருக்கையிலிருந்து காமாக்ஷி மாமி கையை உயர்த்தினார். மயிலாப்பூர்க்காரர். சுற்றுலாவில் ஜெசிகாவுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்த நல்ல மனசுக்காரர்.

"எதுக்கு இப்படிப் பதர்றேள்? அதோ, கோயில் குளம் வந்தாச்சு. ஆமைன்னா தண்ணியிலதானே இருக்கணும்? ஸ்வாமி குளத்துல விட்டுடுவோம். அதுக்கும் நல்லது, விட்டவாளுக்கும் புண்ணியம். எங்காத்துல பிரார்த்தனைன்னு வெச்சுண்டு மீன் வாங்கி விட்டிருக்கோமே!"

எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. "அதானே!" என்றார் டாடி. "அதான் சரி!" என்றார் டில்லிபாபு. மாட வீதியில் வேன் நின்றதும், தொப்பியோடு ஆமையைத் தூக்கிக்கொண்டு டாடி முன்னே நடந்தார். குளத்தின் கம்பிக் கதவு திறந்திருந்தது. ஒரு சின்ன ஊர்வலமே அவர் பின்னால் படியிறங்கியது.

"டாட்டா சொல்லுடா," என்று டாடி தொப்பியை விலக்கினார்.

ஓட்டுக்கு வெளியே ஒரு கால் நீண்டிருந்தது. ஜெசிகா அதை உற்றுப் பார்த்தாள். தடித்த கால். செதில் செதிலான தோல். அடியில் உருண்டையாக, முன்னால் நகங்களோடு. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. காட்டில் அவர்கள் வேனுக்கு முன்னால் சாலையைக் கடந்ததே ஒரு யானை, அதன் காலைச் சின்னதாகச் செய்து ஒட்டியதுபோல் இருந்தது.

காலையில் கிண்டிப் பூங்காவில் தொட்டித் தண்ணீரில் நீந்திய ஆமைகளுக்கு இப்படியா கால் இருந்தது? வாத்துக் கால்போல விரல்களுக்கு நடுவே சவ்வு விரிந்திருந்ததே!

ஜெசிகாவுக்குப் பகீர் என்றது.

"டாடி, விடாதீங்க! இது தண்ணி ஆமை இல்ல! மூழ்கிடும்!"

ஊர்வலம் முழுவதும் திரும்பியது.

"ஆமை எங்கேயாவது மூழ்குமாடி?" என்றார் மம்மி.

"காலைப் பாருங்க மம்மி. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி நீந்தும்?"

"அதெல்லாம் பகவான் கத்துக் கொடுப்பார் கொழந்தே," என்றார் மாமி. ஆனால் அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

டாடி தயங்கினார். மேலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடத் தொடங்கியிருந்தது. சீக்கிரம் விட்டுவிட்டுப் போனால் போதும் என்று அவருக்கு இருந்தது. அவர் கைகள் தண்ணீரை நோக்கித் தாழ்ந்தன.

ஜெசிகா ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றாள். அவள் நின்ற படியில் பாதம் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர்.

"ஆழத்துல வேண்டாம் டாடி. இந்தப் படியிலேயே, தண்ணி கம்மியா இருக்கிற இடத்துல வைங்க. குளம் பக்கம் போச்சுன்னா விட்டுடலாம். மேலே ஏறிச்சுன்னா விடக் கூடாது. சரியா?"

டாடி குனிந்து ஆமையை மெல்ல வைத்தார்.

தண்ணீர் பட்டதுதான் தாமதம். அவ்வளவு நேரம் கல்லாகக் கிடந்த ஆமைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ! கழுத்தை நீட்டி, நாலு கால்களாலும் பிறாண்டிக்கொண்டு, மேற்படியைப் பிடிக்கப் பார்த்தது. பிடி வழுக்கிற்று. மறுபடி தாவிற்று. அப்படியே மல்லாந்து விழுந்து, காலை உதைத்தது.

"அக்கா!" என்று கிளிஃபர்ட் வீறிட்டான்.

ஜெசிகா சட்டென்று அதை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆமையின் இதயமா, அவளுடைய இதயமா, எது படபடத்தது என்று தெரியவில்லை.

காமாக்ஷி மாமி வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் நிறைந்துவிட்டன.

"கபாலீஸ்வரா! நல்லது பண்றேன்னு நெனச்சுண்டு, என்ன காரியம் பண்ணப் பார்த்தேன்!"

"கிண்டியில வனத்துறை ஆபீஸ் இருக்கு டாடி. காலையில போர்டு பார்த்தேன். அங்க கொடுத்துடலாம்," என்றாள் ஜெசிகா.

டில்லிபாபு படியில் அப்படியே உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய மூன்று மாத வேலை ஜெசிகாவுக்கு நினைவுக்கு வந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அங்கிள், எடுத்தது எங்க தம்பி. அதை நானே முதல்ல சொல்லிடறேன். இலையைக்கூட எடுக்காதீங்கன்னு நீங்க தினமும் சொன்னதையும் சொல்றேன்."

"நீ சொன்னா கேப்பாங்களா கண்ணு?"

"கேட்கலைன்னா நாங்க எல்லாரும் சொல்றோம்," என்றார் டாடி. அவருடைய வாத்தியார் குரல் திரும்ப வந்திருந்தது.

டில்லிபாபு ஆமையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "முருகா, வண்டிய எடு," என்றார். அவர் டிரைவரைக் கூப்பிட்டாரா, சாமியைக் கூப்பிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

மயிலாப்பூர் மெஸ்ஸில் டிபன், கடற்கரையில் காற்று என்று திட்டத்தில் மிச்சமிருந்தது எல்லாம் அப்படியே நின்றது. வேன் அடையாறு தாண்டிக் கிண்டிக்குப் பறந்தது. வழியெல்லாம் மாமி ஆமைக்கு விசிறிக்கொண்டே வந்தார்.

வனத்துறை அலுவலகத்தில் பங்கஜம் என்ற அதிகாரி இருந்தார். ஒரு வேன் நிறைய ஆட்கள் ஒரு தொப்பியைச் சுமந்துகொண்டு உள்ளே வருவதைக் கண்டு அவரே திகைத்து எழுந்துவிட்டார்.

ஜெசிகா ஒன்றையும் விடாமல் சொன்னாள். லாரி, பை, மிக்சர், குளம் எல்லாம். டில்லிபாபு தினமும் சொன்ன எச்சரிக்கையை இரண்டு தடவை சொன்னாள். அவள் முடித்ததும் கிளிஃபர்ட் முன்னால் வந்து இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"என்ன தம்பி?"

"விலங்கு," என்றான் அவன். "சின்ன சைஸ் இருக்கா?"

பங்கஜம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இல்லையே. அதனால ஒரு கேள்வி மட்டும். சரியா ஞாபகப்படுத்திச் சொல்லணும். இதை எந்த இடத்துல எடுத்தே? அதே இடத்துல கொண்டுபோய் விட்டாத்தான் அதுக்கு வழி தெரியும்."

கிளிஃபர்ட் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மாமி வாந்தி எடுத்த இடம்!"

எல்லாரும் மாமியைப் பார்த்தார்கள். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "அட ராமா! அதையா ஞாபகம் வெச்சுண்டிருக்கே!"

"எனக்கும் நல்லா நெனப்பு கீது மேடம்!" டில்லிபாபு துள்ளி முன்னால் வந்தார். "மலை முடியிற இடத்துல ஒரு சின்னப் பாலம். நான்தான் மாமிக்குத் தண்ணி எடுத்தாந்து குடுத்தேன். எதிர்ல மைல் கல்லு. அதுல இருந்த நம்பரு வரைக்கும் சொல்றேன்."

சொன்னார். பங்கஜம் எழுதிக்கொண்டார்.

"இவ்வளவு சரியா இடம் சொல்ற நீங்க, இனிமே ஜனங்க வண்டி ஏறும்போது பையையும் ஒரு பார்வை பாருங்க," என்றார் அவரிடம். பிறகு டாடி பக்கம் திரும்பினார். "பிடிச்சு வெச்சிருந்தா கதை வேற சார். நீங்களா கொண்டுவந்துட்டீங்க. நடந்ததை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. டாக்டர் பார்த்து, தேறினதும் அது காட்டுக்குப் போயிடும்."

டில்லிபாபு சுவரில் சாய்ந்து, அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டார்.

"தேறுமா மேடம்?" என்று கேட்டாள் ஜெசிகா.

"அதை அதுதான் சொல்லணும். சாப்பிடுதான்னு பார்ப்போம்."

மண் பரப்பிய ஒரு தட்டு வந்தது. ஆமையை அதில் இறக்கி, எதிரே புல்லும் கீரையும் வைத்தார்கள். ஆமை ஓட்டுக்குள்ளேயே கிடந்தது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். கிளிஃபர்ட் ஜெசிகாவின் விரலை நெரித்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் கழித்து ஓட்டின் ஓரத்தில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு ஒரு கண். சுற்றி நின்ற முகங்களை அது ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு ஒரு கீரை இலையைக் கவ்வி, எந்த அவசரமும் இல்லாமல், மென்றது.

வேன்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள்.

"அது சாப்ட்டாச்சு," என்றார் காமாக்ஷி மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்பத்தான் நேக்குப் பசியே தெரியறது!"